படுத்துப் பார்க்காமல் அளந்த வீடு

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு அடிக்கடி ஒரு கனவு வருகிறது. எங்கோ ஒரு சின்ன வீடு. நான் அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன். எதிலும் சாமான் இல்லை. ஒவ்வொரு தட்டிலும் யாராவது ஒருக்களித்துப் படுத்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். எழுப்பிவிடக் கூடாதே என்று கதவை மெல்லச் சாத்துகிறேன். அதோடு எனக்கு முழிப்பு வந்துவிடும். பயமாக எல்லாம் இருக்காது. எழுந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருப்பேன்.

அந்தக் கனவு எங்கிருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். குத்தாலத்தில் ஒரு வீட்டிலிருந்து வருகிறது. நீங்கள் எல்லாம் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். சின்ன வீடுகளில் அலமாரி, பரண், கிச்சன் கபோர்டு என்று இடம் பண்ணிக் கொடுப்பதுதான் இனி உங்கள் பிழைப்பு. "வசந்தா மேடம், உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்று கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டீர்கள். பிளைவுட்டையும் கீலையும் பற்றி என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். ஆகையால் நான் மூக்கு உடைபட்ட கதையைச் சொல்கிறேன். உருப்படியான அனுபவம் என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அப்புறம், மேஜை மேல் இருக்கிற இந்தச் சிவப்பு பிளாஸ்க்கை யாரும் இப்போது தொடாதீர்கள். அதற்கும் வருகிறேன்.

அந்தச் சமயத்தில் தஞ்சாவூர் ஆபீஸில் எனக்கு நல்ல பேர். பேரோடு சேர்ந்து தலைக்கனமும் இருந்தது. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் காலி இடம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று நான் மோப்பம் பிடித்துவிடுவேன். கதவுக்கு மேலே ஒன்றரை அடி, ஜன்னலுக்குக் கீழே இரண்டடி, மாடிப்படிக்கு அடியில் ஒரு ஆள் உட்காரும் அளவு. "வசந்தா போயிட்டு வந்தா வீடு ரெண்டு மடங்கு ஆயிடும்" என்று முதலாளியே சொல்வார். நானும் நம்பினேன். சாமானை எல்லாம் கண்ணில் படாமல் உள்ளே தள்ளிவிட்டால் வீடு பெரிதாகிவிடும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கைக் குத்தாலத்தில் மறக்கடித்தார்கள்.

ரயிலடியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது அந்த வீடு. முன்னால் ஒரு கூடம். ஒரு கட்டில் போட்டதும் முடிந்துபோகிற ஓர் உள்ளறை. பின்னால் சமையலறை. கொல்லையை ஒட்டி வாய்க்கால். அவ்வளவுதான். அதில் சாமிநாதன் சாரும் அவர் மனைவி மங்கையர்க்கரசி அக்காவும் இருந்தார்கள். ஒரே மகன் செந்தில் சிங்கப்பூரில் வேலை பார்த்தான். கல்யாணமாகி நாலு வயதில் ஒரு பெண் குழந்தை.

கூடத்துக்குள் காலை வைக்க முடியவில்லை. குத்தகைக்கு விட்ட நிலத்திலிருந்து வந்த வருஷச் சாப்பாட்டு நெல் ஒரு சுவரோரம் மூட்டை மூட்டையாக நின்றது. இன்னொரு சுவரோரம் மங்கை அக்காவின் கல்யாணச் சீர்ப் பாத்திரங்கள், அண்டாவுக்குள் தவலை, தவலைக்குள் சொம்பு. மகன் ஒவ்வொரு தடவை வரும்போதும் கொண்டுவந்த டிராலி பெட்டிகள். அதற்கு மேல் புலிப் படம் போட்ட கம்பளிகள். எண்ணிப் பார்த்தேன், ஆறு.

"இந்த ஊர் வெயில்ல கம்பளி யாருக்குக்கா?"

"யாருக்கும் இல்லதான். புள்ள வாங்கிட்டு வந்தது" என்றார் மங்கை அக்கா. 

சாருக்கு ஆவணியில் அறுபது முடிகிறது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். மகன் குடும்பத்தோடு வருகிறான். மங்கை அக்காவின் தங்கையும் அவள் பெண்ணும் திருவாரூரிலிருந்து வருகிறார்கள். அதற்குள் வீட்டை ஒழுங்கு பண்ண வேண்டும் என்றுதான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் டேப்பை இழுத்துக்கொண்டே, "என்ன மாதிரி வேணும், சொல்லுங்கக்கா" என்று கேட்டேன். வாடிக்கையாக எல்லா வீட்டிலும் கேட்பதுதான். அவர் சொன்ன பதிலை இன்றைக்கும் வரி மாறாமல் சொல்வேன்.

"போன தடவ அவன் மூணு நாளைக்கு வந்தாம்மா. இங்க படுக்க எடம் இல்லன்னு மாயவரத்துல லாட்ஜ் போட்டான். காலையில அவனுக்கு காபி வேணுமே. பிளாஸ்க்குல ஊத்திக்கிட்டு பஸ் ஏறிப் போனேன். கீழ உக்காந்திருந்தவன் 'யாரைப் பாக்கணும்? நோட்டுல பேர் எழுதுங்க'ன்னான். பெத்த புள்ளையப் பாக்க நோட்டுல கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவ எல்லாரும் என் வீட்டுல, என் கூடத்துல படுத்து எந்திரிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவர் படுக்க வேண்டும் என்றார். நான் நோட்டில் என்ன எழுதிக்கொண்டேன் தெரியுமா? "கூடம், மேற்குச் சுவர், பன்னிரண்டு அடி கபோர்டு." அவர் கண் கலங்கிச் சொன்னது என் காதில் சாமான் கணக்காகத்தான் விழுந்தது. உங்களில் யாராவது இப்போது சிரித்தால், சிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் நோட்டிலும் இப்படி நாலு வரி இருக்கும்.

வேலை என்னவோ பிரமாதமாகத்தான் நடந்தது. மேற்குச் சுவர் முழுக்கத் தரையிலிருந்து கூரை வரை இரண்டடி ஆழத்தில் கபோர்டு. கம்பளி, பாய், தலையணையெல்லாம் அதன் அடித்தட்டில். நெல்மூட்டையும் அண்டாவும் மேல்தட்டுகளில். எதிரே கிழக்குச் சுவரில் ஓரடி ஆழத்தில் தரையிலிருந்தே அலமாரி. அந்தச் சுவரில் ஒரு மாடம் இருந்தது. அதில்தான் சாமி படங்கள். அலமாரி வரிசையை அது நடுவில் வெட்டியது. "சாமியை வடக்குச் சுவருக்கு மாத்திக்கலாமாக்கா? அங்க நல்ல வெளிச்சம்" என்றேன். "மாத்திக்குங்க" என்றார். ஒரு அலமாரி கூடுதலாகக் கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சாமியையே நகர்த்தி இடம் பிடித்தவள் நான் என்று பெருமை.

போனில் படம் போட்டுக் காட்டினேன். படத்தில் கூடம் பளபளவென்று இருந்தது, நடுவில் ஒரு பூச்சாடி. "சினிமா வீடு மாதிரி இருக்கு" என்று அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். படத்துக்குள் யாரும் படுத்திருக்கவில்லை என்பதை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

நம் ஆபீஸ் தச்சர் தேவராஜ்தான் அங்கேயும் பலகையெல்லாம் பிட்டிங் பண்ணினார். வேலை முடிந்ததும் நெல்மூட்டை, அண்டா, பெட்டி எல்லாம் கதவுகளுக்குப் பின்னால் மறைந்துபோயின. கூடம் அமைதியாக இருந்தது. ஆளுக்கு ஒரு டம்ளர் பாயசம் குடித்துவிட்டு வந்தோம்.

செந்தில் வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் அக்கா போன் பண்ணினார். "வசந்தா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றார். கோபமில்லை. குரலில் உயிரே இல்லை. ஏதோ கதவு இறங்கியிருக்கும் என்று நினைத்து தேவராஜையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன்.

உள்ளே போனதும் அக்கா ஒரு கோரைப்பாயை எடுத்து, கிழக்கே தலைப்பக்கம் வைத்து, மேற்கே விரித்தார். பாய் முழுசாக விரியவில்லை. கால்பக்கம் கபோர்டு கதவில் முட்டி மேலே மடங்கி நின்றது. எட்டரை அடி அகலக் கூடத்தில் இரண்டு சுவரிலும் சேர்த்து மூன்றடியை நான் தின்றிருந்தேன். மிச்சம் ஐந்தரை அடி. செந்தில் ஆறடிப் பையன்.

பாயைச் சுருட்டி, நீளவாக்கில் மாற்றிப் போட்டார். "இப்படிப் போட்டா தலை வடக்க. நாலு வயசுப் புள்ளைய வடக்க தலை வெச்சுப் படுக்க வைப்பீங்களா நீங்க?" என்று கேட்டார். எதிர்ப்பக்கம் திரும்பிக் காட்டினார். "சரி, தலையைத் தெக்க வெப்போம்னா, கால் சாமிக்கு நேரா நீட்டுது."

நான் வடக்குச் சுவரைப் பார்த்தேன். நான் நகர்த்தி வைத்த சாமி, நல்ல வெளிச்சத்தில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயையோ என்று இருந்தது. நாற்பது வருஷமாக அந்த வீட்டில் யார் வந்தாலும் கிழக்கே தலைவைத்து வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். நானும் அப்படிப் படுத்து வளர்ந்தவள்தான். எந்த ஊர்க்காரியோ வந்து இந்தத் தப்பைச் செய்திருந்தால் தெரியாமல் செய்தாள் என்று விடலாம். வடக்கே தலை வைக்காதே என்று என் பிள்ளைகளைத் தினமும் அதட்டுகிற நான், டேப்பைக் கையில் எடுத்ததும் அதை மறந்திருக்கிறேன்.

சாமிநாதன் சார் உள்ளறையிலிருந்து வந்தார். இடுப்பு வலிக்காரர், கட்டிலில்தான் படுப்பார், மெதுவாகத்தான் நடப்பார். "இந்தக் காலத்துல அதெல்லாம் யாரு பாக்குறா?" என்றார்.

"நான் பாக்குறேன்" என்றார் அக்கா.

"சரி விடு. திருக்கடையூர்லயே லாட்ஜ்ல ரூம் கேட்டிருக்கேன். முகூர்த்த நாளாச்சே, இருக்கிறதே ஒரே ரூம்தானாம். ஆறு மணிக்குள்ள வேணுமா வேணாமான்னு சொல்லிடணும். போட்டுடலாம் மங்கை. அவனுக்கும் ஏசி இருக்கும்."

அக்கா சமையலறைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஒரு சிவப்பு பிளாஸ்க்கைத் திறந்து, உள்ளே கைவிட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

தேவராஜ் என்னை ஓரமாக இழுத்தார். "மேடம், மொத்தத்தையும் கழட்டி லாரியில ஏத்திடுவோம். அந்தம்மா முகத்தைப் பாக்க முடியல" என்றார்.

"கழட்டினா மூட்டையெல்லாம் எங்க போகும்? பழையபடி கூடத்துக்குத்தான் வரும். அப்பவும் படுக்க முடியாது."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?"

 மணி மூன்று. எனக்கு மூன்று மணிநேரம் இருந்தது. இந்த மாதிரி நேரத்தில் கையில் பென்சிலை எடுக்காதீர்கள், பிள்ளைகளே. பயந்த கை பழைய கோட்டையே திரும்பப் போடும். நான் தேவராஜை டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். அந்தப் பாயைக் கிழக்கு மேற்காக விரித்து, புடவையைச் செருகிக்கொண்டு, வாடிக்கையாளர் வீட்டுக் கூடத்தில் பட்டப்பகலில் படுத்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. சார் ஒன்றும் கேட்காமல் பேனைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு உள்ளே போனார்.

படுத்ததும் வீடு மாறிவிட்டது. நின்று பார்த்தபோது தெரியாத வீடு அது. கூரை எங்கேயோ தூரத்தில் இருந்தது. என் கபோர்டு கோபுரம் மாதிரி நிமிர்ந்து நின்று மேலே சாய்வது போல மிரட்டியது. கொல்லை வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் தரை வழியாக முதுகுக்கே வந்தது. பேன் காற்றில் நெல் வாசனை. மத்தியானச் சாப்பாட்டு மயக்கம் வேறு. சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவே இல்லை. கண் சொருகிக்கொண்டு போனது.

அரைத்தூக்கத்தில் வாய்க்கால் தண்ணீர் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது போலவும், கபோர்டு தெப்பம் மாதிரி மெல்ல எழும்பி மிதப்பது போலவும், அதற்கு அடியில் நான் காலை நீட்டிக்கொண்டு கிடப்பது போலவும் இருந்தது. அவ்வளவு சுகம். காலை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். பாதம் கதவில் இடித்தது. விழித்துக்கொண்டேன். தூக்கக் கலக்கத்திலேயே, ஏன் என்று தெரியாமல், கால் கட்டைவிரலை இடுக்கில் விட்டுக் கதவை நெம்பித் திறந்தேன். கால் உள்ளே போனது. கம்பளிகளுக்கு நடுவே முழங்கால் வரைக்கும் போனது.

படக்கென்று எழுந்து உட்கார்ந்தேன்.

அந்த அடித்தட்டில் என்ன இருக்கிறது? பாய், தலையணை, கம்பளி. எதற்கு? வருகிறவர்கள் படுக்க. அவர்கள் படுக்கும்போது அவையெல்லாம் தரையில்தானே இருக்கும்? அப்போது அடித்தட்டு காலி! ஆட்கள் படுப்பதற்கான சாமானை வைக்கிறேன் என்று, ஆட்கள் படுக்கிற இடத்தை நான் பூட்டி வைத்திருந்தேன். கீழே இரண்டடியைத் திறந்து விட்டுவிட்டால் போதும். பகலில் பாய் சுருண்டு அங்கே கிடக்கும். ராத்திரியில் கால் நீட்டலாம். ஐந்தரை அடி ஏழரை அடி ஆகிவிடும். மேலே ஒரு நெல்மூட்டையைக்கூட நகர்த்த வேண்டாம்.

நான் முதலில் செய்த காரியம், உள்ளறைக் கதவைத் தட்டியது. "சார், அந்த ரூமை விட்டுடுங்க" என்றேன்.

"நெசமாவா சொல்றீங்க?"

"விட்டுடுங்க சார். எல்லாரும் இங்கதான் படுக்கப் போறாங்க."

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. அக்கா ஈரக்கையோடு வந்து நிலைப்படியில் நின்றார். சார் அவர் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், போனை எடுத்தார். ரூம் போயே போய்விட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அடியை வெட்டினால் மேலே இருக்கிற பாரத்தை எது தாங்கும் என்று தேவராஜைக் கேட்கவே இல்லையே!

டீ குடித்துவிட்டு வந்த தேவராஜிடம் சொன்னேன். மனுஷன் குதித்தார். "என்னைக் கேக்காம எப்படி மேடம் வாக்கு குடுத்தீங்க? மேல அம்புட்டு நெல்லு நிக்குது. கீழ வெட்டுனா புள்ளைங்க கால் மேல எறங்கிடாது?" சும்மா குதிக்கவில்லை, நியாயமாகத்தான் குதித்தார். பிறகு அவரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடித்தட்டுக்குள் தலையை விட்டு, ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்தார். வெகுநேரம் தட்டினார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்றோம்.

தலையை வெளியே எடுத்தவர், "நாலு நிமிர்பலகை தரை வரைக்கும் எறங்குது. அதுல கை வெக்க மாட்டேன். தூண் மாதிரி அப்படியே நிக்கட்டும். அடிப்பலகையையும் கதவோட கீழ்ப்பாகத்தையும் மட்டும் எடுத்துடலாம். மூட்டையெல்லாம் அந்தத் தூணுங்களுக்கு நேர் மேல வர்ற மாதிரி மாத்தி அடுக்கணும். இருந்தாலும் ஒண்ணு" என்றார்.

"என்ன?"

"நாலு பலகைக்கு நடுவுல மூணு கண்ணு, மதகு மாதிரி. ஒரு கண்ணுக்கு ரெண்டு பேர் கால்தான் போகும். மொத்தம் எத்தன பேருங்கக்கா?"

அக்கா விரல்விட்டு எண்ணினார். "செந்தில், மருமக, பேத்தி, தங்கச்சி, அவ பொண்ணு, நானு." ஆறு விரல் ஆனதும் கையை அப்படியே மார்பில் வைத்துக்கொண்டார். அழுதுவிடுவார் என்று நினைத்தேன். "அப்ப வெட்டுங்க தம்பி, என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க!" என்று அதட்டினார்.

அன்றைக்குச் சாயங்காலமும் மறுநாள் முழுவதும் வேலை நடந்தது. அதை எல்லாம் விவரிக்கப் போவதில்லை, உங்களுக்குத் தெரிந்ததுதான். வெட்டிய ஓரத்தில் ஒட்டுகிற பட்டை மட்டும் கைவசம் இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு, ஒரு பழைய புடவையைக் கிழித்து அந்த ஓரத்தில் சுற்றிக் கட்டிவிட்டு வந்தோம். தஞ்சாவூர் வந்ததும் எனக்கு நிலைகொள்ளவில்லை. ஆறு பேரும் அங்கே படுத்திருப்பார்களா? சிங்கப்பூரில் மெத்தையில் படுத்துப் பழகிய பையன் கபோர்டுக்கு அடியில் காலை விட்டுப் படுப்பானா? "இதென்னம்மா கூத்து" என்று சொல்லி லாட்ஜுக்குக் கிளம்பிப் போயிருந்தால்? நான்தான் இருந்த ஒரு ரூமையும் விடச் சொன்னவள். அதோடு அந்தக் குழந்தை காலில் சிராய் குத்திவிட்டால்?

அவர்கள் வந்த மறுநாள், ஒட்டுப்பட்டையை எடுத்துக்கொண்டு முதல் ரயிலில் போய் நின்றேன். ஆபீஸில் யாரும் அனுப்பவில்லை. நானேதான் போனேன். வயலெல்லாம் பனி மாதிரி ஒரு வெள்ளை. ஊர் இன்னும் சரியாக எழுந்திருக்கவில்லை. வாசலில் கோலம் ஈரமாக இருந்தது. கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. தட்டக் கையை எடுத்தேன். அக்கா உள்ளிருந்து வந்து வாயில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதீங்க. தூங்குறாங்க."

எட்டிப் பார்த்தேன். கிழக்கே தலைவைத்து வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கு அடியிலும் ஒரு புலிக் கம்பளி, மெத்தைக்குப் பதிலாக. இத்தனை வருஷம் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த புலிகளுக்கு அன்றைக்குத்தான் வேலை வந்தது. கபோர்டுக்கு அடியில் கால்கள், இரண்டு கண்ணில் இரண்டிரண்டு ஜோடி. செந்திலின் கால் சுவரைத் தொடாமல் நிம்மதியாக நீண்டிருந்தது. ஓரத்தில் அக்கா எழுந்து வந்த பாய். குழந்தைக்குக் கால் அதுவரைக்கும் எட்டவே இல்லை. அவள் தன் கம்பளியை விட்டு உருண்டு வந்து, அந்தக் காலிப் பாயில் கிடந்தாள்.

"வந்ததும் 'எங்க படுக்குறதும்மா'ன்னு கேட்டான்" என்று அக்கா கிசுகிசுத்தார். "காட்டினேன். 'கபோர்டுக்குள்ளயா?'ன்னு சிரிச்சான். எனக்கு உசுரே இல்ல. சின்னதுதான் மொதல்ல ஓடிப்போய்க் காலை நீட்டிப் படுத்துட்டு, 'இது என் வீடு'ன்னுச்சு. அப்புறம் யாரு எந்திரிப்பா?"

 இத்தனை வருஷ வேலையில் இப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததே இல்லை. ஒட்டுப்பட்டையை எடுத்து நீட்டி, "எல்லாரும் எந்திரிச்சதும் ஒட்டிட்டுப் போறேங்க்கா" என்றேன்.

"அவங்க எப்ப எந்திரிப்பாங்களோ. எழுப்ப மாட்டேன். இன்னொரு நாள் வந்து ஒட்டிக்கலாம்" என்றார். என்னைச் சமையலறைக்குக் கூட்டிப் போனார். அடுப்பில் பால் பொங்கியது. ஆறு டம்ளர் வரிசையாகக் காத்திருந்தன. பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த சிவப்பு பிளாஸ்க். அதில் காபியை ஊற்றி மூடி, என் கையில் கொடுத்தார்.

"ரயில்ல குடிங்க."

"இதைத் திரும்பக் கொண்டாந்து குடுத்துடறேங்க்கா. மேல்தட்டுல ஒரு ஓரமா வெச்சுக்கலாம். இன்னும் எடம் இருக்கு."

"எடம் இருக்கும்மா. இருந்தாலும் இது எனக்கு வேணாம்" என்றார் மங்கை அக்கா. "நீங்களே வெச்சுக்குங்க."

ரயில் தஞ்சாவூர் வந்து சேரும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அதற்குப் பிறகு போன ஒவ்வொரு வீட்டிலும், டேப்பை எடுப்பதற்கு முன்னால் ஒரு பாய் கேட்டு வாங்கி, ஐந்து நிமிஷம் தரையில் படுத்திருந்துவிட்டுத்தான் எழுந்தேன். லூசு என்று நினைத்தவர்களும் உண்டு. தேவராஜ் மட்டும் ஒரு நாளும் சிரிக்கவில்லை.

சரி, பேசியது போதும். பிளாஸ்க்கைத் திறந்து ஆளுக்கு ஒரு வாய் காபி ஊற்றிக்கொள்ளுங்கள். நாளைக்கு முதல் சைட்டுக்குப் போகிறவர், போகும்போது ஒரு பாயையும் எடுத்துக்கொண்டு போங்கள்.